ஆர்வெனுக்கு இத்தனை காட்சிகள் எங்கிருந்து வந்தன?

'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களை முதலில் பார்த்துவிட்டு நாவலுக்குப் போகிறவர்கள் பலரும் கேட்பதைத்தான் நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். படத்தில் மூன்று பாகத்திலும் வந்து கண்கலங்க வைக்கும், சாவற்ற எல்ஃப் இனத்துப் பெண் ஆர்வென், புத்தகத்தில் ஏன் காணவே காணோம்? அரசுரிமை உள்ள மனிதன் அரகார்னோடு அவளுக்குள்ள காதலைப் படக்காரர்கள் வியாபாரத்துக்காக இட்டுக்கட்டினார்களா? கற்பனை நாவல்களைப் படமாக்கும்போதெல்லாம் இப்படித்தான் செய்கிறார்களா?

சுருக்கமாகச் சொன்னால், ஆர்வெனின் காட்சிகளில் பெரும்பகுதிக்கு விதை நாவலாசிரியர் டோல்கீன் போட்டதுதான். ஆனால் அவர் அதைக் கதைக்கு வெளியே, பின்னிணைப்பில் வைத்திருந்தார். இன்னொரு பகுதி வேறு பாத்திரங்களிடமிருந்து பிடுங்கிக் கொடுத்தது. மிச்சம் சுத்தமான இட்டுக்கட்டல். இந்த மூன்றையும் கலந்து பேசுவதால்தான் ரசிகர்களின் சண்டை இருபது வருடமாக ஓயாமல் நடக்கிறது.

முதலில் நாவலில் என்னதான் இருக்கிறது என்று பார்ப்போம். 1954–55இல் மூன்று பாகங்களாக வெளிவந்த கதை. ரிவெண்டெல் என்ற எல்ஃப் ஊரில் நடக்கும் விருந்தில் ஆர்வென் உட்கார்ந்திருக்கிறாள். ஹாபிட் என்ற குட்டை மனித இனத்தைச் சேர்ந்த கதையின் மையப் பாத்திரம் ஃப்ரோடோ அவள் அழகைப் பார்த்து மலைத்துப்போகிறான். அன்றிரவே மண்டபத்தின் மறுகோடியில் அரகார்ன் அவள் பக்கத்தில் நிற்பதைப் பார்க்கிறான். ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து நம் காதில் விழுவதில்லை. அப்புறம் பல நூறு பக்கங்களுக்கு ஆளே இல்லை. மூன்றாம் பாகத்தில், தன் கையால் நெய்த கொடி ஒன்றை அரகார்னின் உறவினன் ஹால்பராத் மூலம் அனுப்பி வைக்கிறாள். போர் முடிந்து அரகார்ன் முடிசூடியபின் வந்து சேர்கிறாள், கல்யாணம் நடக்கிறது. அதன்பிறகுதான் ஃப்ரோடோவிடம் பேசுகிறாள்: கடல் கடந்து மேற்கே போகும் கப்பலில் தனக்கிருந்த இடத்தை அவனுக்குத் தருவதாகச் சொல்லி, ஒரு வெள்ளைக் கல்லை அவன் கழுத்தில் போடுகிறாள். முதல் தடவை படிக்கிறவர்கள் கல்யாணக் கட்டத்தில் 'இது யார் பொண்ணு?' என்று முன்பக்கங்களைப் புரட்டுவது சகஜம்.

முழுக் காதல் கதை நாவலின் முதல் பின்னிணைப்பில் இருக்கிறது. அரகார்னுக்கு 20 வயதாகும்போது ரிவெண்டெல் மரங்களுக்கிடையே ஆர்வெனைப் பார்க்கிறான். அவளுக்கு அப்போதே 2700 வயது தாண்டிவிட்டது. பல வருடம் கழித்து லோத்லோரியன் காட்டில் கெரின் ஆம்ரோத் என்ற மேட்டில் இருவரும் வாக்குக் கொடுத்துக்கொள்கிறார்கள். அந்த வாக்குக்கும் கல்யாணத்துக்கும் நடுவே 39 வருடம். அவள் தகப்பன் எல்ராண்ட் போட்ட நிபந்தனை: கோண்டோர், ஆர்னோர் என்ற இரண்டு ராஜ்யங்களுக்கும் அரசனானால்தான் பெண். ஏனென்றால் மனிதனைக் கட்டிக்கொண்டால் மகள் சாவை ஏற்க வேண்டும். தகப்பனுக்கும் மகளுக்கும் அது நிரந்தரப் பிரிவு. கல்யாணத்தின்போது அரகார்னுக்கு 88 வயது. 210 வயதில் தானாக மனமுவந்து உயிரை விடுகிறான். அந்தப் படுக்கையருகே ஆர்வென் மன்றாடுவதும், பிறகு ஆளில்லாத லோத்லோரியனுக்குத் தனியாகப் போய் அதே மேட்டில் படுத்து இறப்பதும், டோல்கீன் எழுதியவற்றிலேயே மனத்தை அதிகம் அறுக்கும் பக்கங்கள் என்பேன்.

இவ்வளவு நல்ல கதையை ஏன் பின்னால் தள்ளினார்? அவரே ஒரு கடிதத்தில் விளக்கியிருக்கிறார். பின்னிணைப்புகளில் இதுதான் மிக முக்கியம், மூலக்கதையின் அங்கம். ஆனால் நாவல் ஹாபிட்களை மையமாக வைத்துக் கட்டப்பட்டது, உள்ளே நுழைத்தால் கட்டுக்கோப்பு குலைந்துவிடும் என்பது அவர் வாதம். அதாவது, பெரிய மனிதர்களின் வாழ்க்கையை நாம் சின்ன மனிதர்களின் கண்வழியே மட்டும் பார்க்கிறோம். அரகார்னின் நெஞ்சுக்குள் என்ன என்பது ஃப்ரோடோவுக்குத் தெரிந்த அளவுதான் நமக்கும் தெரியும்.

அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து பிறந்த காட்சி ஒன்று உண்டு. தீய மோதிரத்தை அழிக்கக் கிளம்பிய பயணக் கூட்டம் லோத்லோரியன் வழியாகப் போகும்போது, அதே கெரின் ஆம்ரோத் மேட்டடியில் அரகார்ன் கையில் ஒரு சின்னப் பொன்னிறப் பூவோடு நிற்பதை ஃப்ரோடோ பார்க்கிறான். அவன் ஏதோ பழைய நினைவில் இருக்கிறான், முகம் இளமையாகிவிட்டது, யாரிடமோ எல்ஃப் மொழியில் பேசுகிறான். பிறகு ஃப்ரோடோவின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்புகிறான். உயிரோடு அங்கே அவன் திரும்பி வரவே இல்லை என்று ஒரு வரி. காதலி இல்லாத காதல் காட்சி. பின்னிணைப்பைப் படித்தபிறகுதான் அந்தப் பூ என்ன, அந்த மேடு எது என்பதெல்லாம் உறைக்கும். நம் ஊர்ப் பாஷையில் சொன்னால் புத்தகத்து ஆர்வென் முல்லைத் திணைத் தலைவி: போனவன் வருவான் என்று வீட்டில் இருக்கிறவள். அவள் இருத்தல் கதைக்குப் பின்னால் ஓடுகிறது.

இன்னொரு விஷயமும் உண்டு, இது பலருக்குத் தெரியாது. டோல்கீன் எழுதத் தொடங்கியபோது ஆர்வென் என்ற பாத்திரமே கிடையாது. அரகார்ன் முதலில் மரச்செருப்புப் போட்ட ஒரு ஹாபிட், பெயர் ட்ராட்டர். அவன் மனிதனாக வளர்ந்து, ரோஹன் நாட்டுக்குக் கதை வந்தபோது, அங்கே அரச குடும்பத்துப் பெண்ணான எயோவினைத்தான் அவனுக்கு ஜோடியாக்க நினைத்திருந்தார். பிறகு, அவளுக்கு இவன் வயதில் மிகவும் மூத்தவன், கடுமையானவன் என்று குறிப்பெழுதி அதைக் கைவிட்டார். அவர் மகன் கிறிஸ்டோபர் வெளியிட்ட கையெழுத்துப் படிகளில் இதைப் பார்க்கலாம். ஆர்வென் அதற்குப் பிறகு வந்தவள். ஆக, நாவலிலேயே இந்த இடத்தில் ஒரு தையல் இருக்கிறது. படமெடுக்கிறவர்கள் இடறியது சரியாக அந்தத் தையலில்.

இதற்காக டோல்கீனுக்குக் காதல் மேல் அக்கறை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆக்ஸ்ஃபோர்டில் வுல்வர்கோட் கல்லறைத் தோட்டத்தில் அவர் மனைவி எடித்தின் பெயருக்குக் கீழே 'லூதியன்' என்றும் அவர் பெயருக்குக் கீழே 'பெரன்' என்றும் பொறித்திருக்கிறது. மனிதனுக்காகச் சாவை ஏற்ற முதல் எல்ஃப் பெண்ணும் அவள் காதலனும்தான் லூதியனும் பெரனும். ஆர்வென்–அரகார்ன் கதை அதன் மறுபதிப்பு. டோல்கீனுக்கு 21 வயதாகும்வரை எடித்தோடு எந்தத் தொடர்பும் கூடாது என்று அவருடைய காப்பாளர் பாதிரியார் தடை போட்டிருந்தார். எல்ராண்டின் நிபந்தனையைப் படிக்கும்போது எனக்கு அந்தத் தடை நினைவுக்கு வராமல் போவதில்லை.

இனி சினிமா. இயக்குநர் பீட்டர் ஜாக்சன், ஃபிரான் வால்ஷ், பிலிப்பா போயன்ஸ் மூவரும் திரைக்கதை எழுத உட்கார்ந்தபோது அவர்கள் முன்னால் இருந்தது காதல் போதவில்லை என்ற பிரச்சினை மட்டுமல்ல. பெரிய தலைவலி எயோவின். இரண்டாவது படத்தில் ரோஹன் வருகிறது. திரையில் ஒரு அழகான, தைரியமான, தனிமையில் வாடும் பெண் கதாநாயகனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். படங்கள் 2001, 2002, 2003 என்று டிசம்பருக்கு ஒன்றாக வந்தன. முதல் படத்தில் பார்த்த ஆர்வென் இரண்டாவதில் தலைகாட்டாமல் போனால், ரசிகன் எயோவின் பக்கம் சாய்ந்துவிடுவான். மூன்றாவது படத்தின் கடைசியில் யாரோ ஒருத்தி வந்து மாலை மாற்றினால் அரகார்ன் ஏமாற்றுக்காரனாகத் தெரிவான். புத்தகத்தில் ஒரு பெயரை ஒரு வரியில் நினைவூட்டிவிட்டுப் போகலாம். திரையில் முகத்தைக் காட்டினால்தான் நினைவு. 1978இல் ரால்ஃப் பக்ஷி எடுத்த அனிமேஷன் படம் வேறு வழியில் போனது: ஆர்வெனையே தூக்கிவிட்டது. கதை பாதியில் நின்றுவிட்டதால் அவருக்கு அது கட்டுப்படியானது. முடிசூட்டு விழாவரை போகிறவருக்குக் கட்டுப்படியாகாது.

முதல் படத்தில் ஆர்வெனை அறிமுகப்படுத்த அவர்கள் எடுத்தது க்ளோர்ஃபிண்டெல் என்ற எல்ஃப் பிரபுவின் வேலையை. காயம்பட்ட ஃப்ரோடோவைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு, ஒன்பது கருங்குதிரை வீரர்கள் துரத்த, ஆற்றைக் கடந்து, திரும்பி நின்று வாளை உருவிச் சவால் விடுகிறாள். மந்திரம் சொல்கிறாள், வெள்ளம் வருகிறது. க்ளோர்ஃபிண்டெல் போனதற்கு யாரும் பெரிதாக அழவில்லை. உண்மையான நஷ்டம் ஃப்ரோடோவுக்கு. நாவலில் அவன் அந்தக் குதிரையில் தனியாகப் போகிறான். விஷம் ஏறிய நிலையில், அக்கரையில் நின்று, வாளைத் தூக்கி அந்த ஒன்பது பேரையும் எதிர்த்துக் கத்துகிறவன் அவன்தான், அதுவும் லூதியன் பெயரைச் சொல்லி. வெள்ளத்தை வரவழைப்பது எல்ராண்ட். படத்தில் ஃப்ரோடோ அவள் மடியில் கிடக்கும் பொட்டலம். காதல் நாயகிக்கு ஒரு நுழைவுக் காட்சி கிடைத்தது. அதற்கான விலையை ஃப்ரோடோ கொடுத்தான். எனக்கு அந்தக் காட்சி பிடிக்கும். ஆனால் கணக்கு அதுதான்.

அதோடு நிற்காமல், இரண்டாம் படத்தில் ஹெல்ம்ஸ் டீப் கோட்டைப் போரில் அவளை வாளெடுத்துச் சண்டை போடவைத்துச் சில காட்சிகள் எடுத்தும்விட்டார்கள். பிறகு அவற்றை வெட்டினார்கள், நல்லவேளை. பின்னிணைப்புக்குத் திரும்பிப் போனார்கள். அங்கிருந்துதான் மூன்று படங்களிலும் எனக்கு மிகவும் பிடித்த காதல் காட்சி வந்தது: எல்ராண்ட் மகளிடம் அவள் எதிர்காலத்தைச் சொல்லும் இடம். அரகார்ன் ஜெயித்தாலும், முடிசூடினாலும், நிறைவாக வாழ்ந்தாலும், ஒருநாள் செத்துப்போவான். அப்புறம் உனக்கு ஆறுதலே இல்லை என்கிறான். கருப்பு முக்காட்டோடு கல்லறைப் பக்கத்தில் நிற்கும் ஆர்வென், உதிரும் இலைகள். நட்சத்திரம் எழாத குளிர்கால இரவுபோல என்ற உவமை பின்னிணைப்பின் வரியிலிருந்தே எடுக்கப்பட்டது. நடந்து முடிந்தபின் சொல்லப்பட்ட முடிவைத் தகப்பனின் எச்சரிக்கையாக மாற்றி, போர் நடக்கும் நிகழ்காலத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். நாவலாசிரியரால் கட்டுக்கோப்பைக் குலைக்காமல் செய்யமுடியாத ஒன்றை எடிட்டிங் மேஜையில் செய்யமுடிந்தது. ஃப்ரோடோவின் கண்ணை விட்டு நகர சினிமாவுக்குத் தடை இல்லையே.

சினிமாவுக்கே உரிய வேறு கருவிகளும் இருந்தன. ரிவெண்டெல் பாலத்துக் காட்சியில் இருவரும் பாதி நேரம் சிண்டாரின் என்ற எல்ஃப் மொழியில் பேசுகிறார்கள். டேவிட் சாலோ என்ற மொழியியலாளர் டோல்கீனின் இலக்கணத்தை வைத்து எழுதிக்கொடுத்த வசனங்கள். பின்னால் என்யாவின் 'அனிரோன்' பாட்டு. நமக்குப் புரியாத மொழியில் இருவர் தங்களுக்குள் பேசும்போது, அவர்களுக்கு நமக்குத் தெரியாத நெடுங்காலம் ஒன்று இருக்கிறது என்று சொல்லாமலே தெரிகிறது. ஆர்வென் அரகார்னுக்குத் தரும், கழுத்தில் தொங்கும் அந்த வெள்ளி ஆபரணம் படத்துக்காகச் செய்தது. நாவலில் அரகார்னுக்கு வருவது பச்சைக்கல், கொடுப்பது ஆர்வெனின் பாட்டி கலாட்ரியல். ஆர்வென் தருவது கொடி. கருங்கப்பல்கள் துறைமுகத்துக்கு வந்து, எதிரியின் படை என்று எல்லோரும் நம்பிக்கை இழந்த நொடியில், முதல் கப்பலில் அவிழ்ந்து பறப்பது அவள் வருடக்கணக்கில் நெய்த துணி. போர்க்களத்துக்கு வராமலே போரில் இருக்கிறாள். நெருக்கக் காட்சியில் ஆபரணம் வசதி, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்தக் கொடியை விட்டது எனக்கு ஆறாத மனக்குறை.

எங்கே சறுக்கினார்கள் என்றால், சந்தேகத்தை நுழைத்த இடத்தில். புத்தகத்தில் இந்த இருவருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு நொடிநேரத் தயக்கம்கூட இல்லை. அரகார்னுக்கு அரசுரிமையிலும் தயக்கம் இல்லை. திரைக்கதைக்குத் தயக்கம் வேண்டும். எனவே அவன் அவளை விலகிப் போகச் சொல்கிறான், அவள் கப்பலுக்குக் கிளம்புகிறாள், வழியில் தனக்குப் பிறக்கப்போகும் பிள்ளையை மாயக்காட்சியாகக் கண்டு திரும்புகிறாள். இதுவரை பொறுத்துக்கொள்ளலாம், பிள்ளை எல்டாரியன் பின்னிணைப்பில் இருப்பவன்தான். ஆனால் மூன்றாவது படத்தில் திடீரென்று அவள் உயிர் மோதிரத்தின் விதியோடு பிணைந்துவிட்டது, அவள் செத்துக்கொண்டிருக்கிறாள் என்கிறார்கள். எப்படி, ஏன் என்று படம் விளக்கவே இல்லை. ஏற்கெனவே உலகமே அழியும் தருவாயில் இருக்கிறது. அதற்குமேல் காதலிக்குக் காய்ச்சல் வந்தால்தான் கதாநாயகன் வேகமாக ஓடுவானா? அவள் தேர்ந்தெடுத்த சாவு 120 வருடம் கழித்து வரவேண்டியது. அதன் கனமே அந்தத் தாமதத்தில் இருக்கிறது. அவசரச் சாவாக்கியதும் அது வெறும் ஆபத்தாகச் சுருங்கிவிட்டது.

இன்னொரு இழப்பைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நாவலின் நிகழ்காலத்தில், நம் கண்முன்னே, தொடக்கத்திலிருந்து முடிவுவரை நடக்கும் ஒரே காதல் எயோவினும் கோண்டோர் படைத்தலைவன் ஃபரமிரும்தான். கோண்டோர் தலைநகர் மினாஸ் டிரித் மருத்துவ இல்லத்தில் இருவரும் காயம்பட்டுக் கிடக்கிறார்கள். போருக்குப் போகமுடியாமல் மதிலில் நின்று கிழக்கே பார்க்கிறார்கள். சாவைத் தேடிப் போனவள் மெல்ல மெல்ல மனம் மாறுகிறாள். டோல்கீன் அவசரப்படாமல் எழுதிய பகுதி. திரையரங்குப் பதிப்பில் முடிசூட்டு விழாவில் இருவரும் பக்கத்தில் நிற்பதோடு சரி. நீட்டித்த பதிப்பில் ஒரு சின்னக் காட்சி. காதலைப் பெரிதாக்கிய படம் என்று பெயர் எடுத்ததுதான், புத்தகத்தில் முழுதாக எழுதப்பட்ட காதலை வெட்டிய படமும்.

டோல்கீனின் 'ஹாபிட்' விஷயம் இதற்கு நேர்மாறு. 1937இல் வந்த அந்தக் குழந்தைகள் நாவலில் காதலே கிடையாது, பேசும் பெண் பாத்திரமும் கிடையாது. 2013இல் வந்த இரண்டாம் படத்துக்காக டாரியல் என்ற எல்ஃப் பெண்ணைப் புதிதாக உருவாக்கி, நாவலில் இல்லாத எல்ஃப் வீரன் லெகோலஸையும் கூட்டிவந்து, நடுவே கீலி என்ற குள்ளனை வைத்தார்கள். டாரியலாக நடித்த எவாஞ்சலின் லில்லி, முக்கோணக் காதல் இருக்கக்கூடாது என்ற பேச்சோடுதான் ஒப்புக்கொண்டதாகவும், பின்னால் கூடுதல் படப்பிடிப்புக்குக் கூப்பிட்டபோது அது முளைத்திருந்ததாகவும் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இரண்டு படமாக எடுக்கத் தொடங்கியதை 2012 நடுவில் மூன்றாக்கினார்கள். இடத்தை எதையாவது வைத்து நிரப்ப வேண்டியிருந்தது என்பது என் ஊகம்.

புதுப் பாத்திரம் என்பதால் நான் குறை சொல்லவில்லை. பெண்ணே இல்லாத கதையில் ஒரு பெண் வந்தால் நல்லதுதான். என் வருத்தம் கீலியின் சாவில். நாவலில் கீலியும் அண்ணன் ஃபீலியும், அடிபட்டு விழுந்த குள்ளர் தலைவன் தோரினைத் தங்கள் கேடயத்தாலும் உடம்பாலும் மறைத்துக்கொண்டு சாகிறார்கள், அவன் தங்கள் தாயின் அண்ணன் என்பதற்காக. ஒரே வாக்கியம். தாய்மாமனுக்காக மருமகன்கள் விழுவதன் கனத்தை நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. படத்தில் கீலி காதலியைக் காப்பாற்றப் போய் அவள் கண்முன்னே சாகிறான். மாமன் வேறெங்கோ சண்டை போடுகிறார். கதை முழுவதும் தோரினின் பேராசையும் அவன் குடும்பத்தின் விசுவாசமும் மோதுவதுதான். அதன் முடிச்சைக் காதலுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதன்பின் டாரியல் என்ன ஆனாள் என்று கேட்கக்கூடப் படத்துக்கு நேரமில்லை. 2008இல் வந்த நார்னியா படத்தில் சூசனுக்கும் காஸ்பியன் இளவரசனுக்கும் கடைசியில் ஒரு முத்தம் வைத்தார்களே, அதுவும் புத்தகத்தில் இல்லாததுதான். ஆனால் அது எதையும் இடிக்கவில்லை, எதையும் கட்டவுமில்லை. படம் முடிந்ததும் மறந்துபோகும்.

காதலை விரித்துக் காட்டியதில் எனக்கு முழுத் திருப்தி தந்த படம் என்று கேட்டால் ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் மியாசாக்கியின் 'ஹவுல்ஸ் மூவிங் கேஸில்' (2004). டயானா வின் ஜோன்ஸ் 1986இல் எழுதிய நாவலில் சோஃபியும் மந்திரவாதி ஹவுலும் கடைசிவரை சண்டைக்கோழிகள். அந்தச் சண்டையே காதல். சூனியத்தால் கிழவியான சோஃபி பெரும்பாலும் கிழவியாகவே இருக்கிறாள். படத்தில் அவள் வயது காட்சிக்குக் காட்சி மாறுகிறது. தூங்கும்போது சின்னப் பெண். அரண்மனையில் மந்திரவாதினி சுலிமான் முன்னால் ஹவுலுக்காகப் பரிந்து பேசப் பேச முகச்சுருக்கம் ஒவ்வொன்றாக மறைந்து இளம்பெண் ஆகிவிடுகிறாள். 'நீ அவனைக் காதலிக்கிறாய்' என்று சுலிமான் சொன்ன அடுத்த கணம் வெட்கமும் பயமுமாகச் சுருங்கி மறுபடி கிழவி. யாரும் எதையும் விளக்குவதில்லை, வேறு பாத்திரத்தின் பங்கையும் பிடுங்கவில்லை. நாவலிலேயே இருந்த சாபத்தைக் காதலின் அளவுகோலாக்கிவிட்டார். நாவலில் இருந்த குறும்பும் வாய்த்துடுக்கும் கொஞ்சம் குறைந்துபோயின என்பது உண்மை. அந்த நஷ்டத்தை நான் தாங்கிக்கொள்வேன்.

அடுத்த முறை இப்படி ஒரு படம் பார்க்கும்போது, புத்தகத்தில் இது உண்டா இல்லையா என்று மட்டும் பார்க்காமல், இந்தக் காதல் காட்சிக்கான இடத்தை யாரிடமிருந்து எடுத்தார்கள் என்றும் பாருங்கள். எரிச்சலூட்டும் பல காட்சிகளுக்குக் காரணம் அங்கே அகப்படும்.

ஆர்வெனைத் தேடி நீங்கள் இப்போது புத்தகத்தில் எங்கே போகவேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். மூன்றாம் பாகத்தின் கடைசியில் வரும் முதல் பின்னிணைப்பில், நூமெனோர் அரசர்கள் பகுதிக்குள் 'அரகார்ன், ஆர்வென் கதையின் ஒரு பகுதி' என்ற தலைப்பில் சில பக்கங்கள். ஒரே மூச்சில் படித்துவிடலாம். சில பதிப்புகளில் பின்னிணைப்புகளைச் சுருக்கியோ விட்டோ இருப்பார்கள், வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். நாவலை முடித்தபிறகு அதைப் படியுங்கள். அப்புறம் முதல் பாகத்துக்குத் திரும்பி லோத்லோரியன் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் இன்னொரு தடவை படித்துப் பாருங்கள்.